இடுப்பில் கட்டிய தூண்டில்

நான் தேவசுந்தரம் அண்ணனுக்குத் தர வேண்டியிருந்தது அறுநூற்றுப் பதினைந்து திர்ஹாம். என் மனைவி தாமரைக்கு ஆபரேஷன் என்று ஊரிலிருந்து போன் வந்தபோது சம்பளம் வர இன்னும் நாள் கிடந்தது. அறுநூறு அவருடைய பணம். பதினைந்து, எக்ஸ்சேஞ்சில் பணம் அனுப்புவதற்கான கூலி. அதையும் அவரே கவுண்டரில் கட்டிவிட்டார்.

அடுத்த சம்பளத்திலேயே திருப்பிக் கொடுக்கப் போனேன். வாங்கவில்லை. நோட்டை நீட்டிய என் கையை இரண்டு கையாலும் பிடித்து, விரல்களை மடக்கி மூடி, என் நெஞ்சுப் பக்கமே தள்ளிவிட்டார்.

"எங்கிட்ட இருந்தா செலவாயிரும் மக்கா. ஒங்கிட்டயே கெடக்கட்டு. ஊருக்குப் போவும்போ வாங்கிக்கிடுதேன்."

அதற்குப் பிறகும் எப்போது எடுத்து நீட்டினாலும் அதே மடக்கல், அதே தள்ளல். ரூமில் மற்றவர்களுக்கு அது ஒரு வேடிக்கையாகவே ஆகிவிட்டது.

நாங்கள் இருவரும் அல் குசைஸில் ஒரே தொழிலாளர் கேம்ப், ஒரே ரூம். வேலை சாரம் கட்டுவது. இரும்புக் குழாயை மேலே மேலே சேர்த்துக் கிளாம்ப் போட்டு முறுக்கிக்கொண்டே போக வேண்டும். அவருக்குக் கன்னியாகுமரிக் கடற்கரை. நான் பெரம்பலூர்ப் பக்கம். வேலைக்கு வந்த பிறகுதான் கடலைப் பார்த்தேன். உயரத்தில் அவர் நடப்பதைப் பார்த்து, படகில் நின்று பழகிய கால் என்று ஃபோர்மேனே சொல்லுவார்.

போன வருஷம் குழாய்க் கட்டு ஒன்றை லாரியிலிருந்து இறக்கும்போது கட்டு சரிந்தது. அவருடைய இடது கையின் நடு விரல்கள் மூன்றும் போயின. கட்டை விரலும் சுண்டு விரலும் மிஞ்சின. ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி பார்த்தது. அதன்பிறகு ஸ்டோரில் உட்கார்ந்து ஹெல்மெட் எடுத்துக் கொடுக்கிற டியூட்டி. விசா முடிகிறவரை வைத்திருப்பார்கள், அப்புறம் கலாஸ், ஊருக்குப் போக வேண்டியதுதான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது.

ஊரில் அவருக்கு ஒரே ஒரு வழி இருந்தது. அவர் மனைவி எலிசாவின் தம்பி பெபின், நாலு பேரோடு பங்கு போட்டு ஒரு ஃபைபர் படகு வைத்திருந்தான். ரீல் தூண்டில் போட்டுப் பெரிய மீன் பிடிக்கிற படகு. அதில் ஒரு ஆள் இடம் காலியாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் போனில் பேசினான். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"அத்தான், எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்க கடல்ல நின்ன ஆளுன்னு எனக்குத் தெரியும். ஆனா பங்குக்காரனுவ கேக்கானுவ. ஒத்தக் கையால எப்படி மீன் ஏத்துவாருன்னு."

"ஏத்துவேன்னு சொல்லு."

"சொன்னா நம்ப மாட்டானுவ அத்தான். ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க. நீங்க தனியா, வேற ஆளு கை படாம, ஒரு நல்ல மீன ஏத்துறது. அதக் காட்டிட்டா ஒருத்தனும் வாய் தொறக்க மாட்டான். சீசன் தொடங்கப் போவுது, வேற ஆளு பாக்கதுக்குள்ள அனுப்புங்க."

போனை வைத்துவிட்டு அண்ணன் என்னைப் பார்த்தார்.

"ஒன் போன்ல வீடியோ நல்லா விழுமா மக்கா?"

"விழும்ண்ணே."

"அப்போ ஒனக்கு டியூட்டி கெடச்சாச்சு."

முதல் தடவை போனது மம்சர் தாண்டி உள்ள அலைத்தடுப்புப் பாறைக்கு. மீன் பிடிக்கிற அனுமதிச் சீட்டை அவர் முறைப்படி எடுத்து போனில் வைத்திருந்தார். தூண்டில் கம்பு, யாரோ ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. அதன் அடியை இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு, வலது கையால் ரீலைச் சுற்றப் பார்த்தார். மீன் கடித்தது. கம்பு அக்குளிலிருந்து நழுவியது. இடது கை தானாகப் பிடிக்கப் போனது. பிடிப்பதற்கு அதில் விரல் இல்லை. கம்பும் ரீலும் எங்கள் கண் முன்னாலேயே பாறை இடுக்கில் விழுந்து, அலை வாங்கி, தண்ணீருக்குள் போயின.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவர் இடது கையைத் தொடைக்குக் கீழே வைத்து மறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அது எனக்குப் பொறுக்கவில்லை.

ரூமில் ஒருவன்தான், கம்பை உடம்பிலேயே மாட்டிக்கொள்கிற மாதிரி பெல்ட் விற்கிறது என்று போனில் காட்டினான். கையில்லாமலே கம்பு நிற்கும், கை சும்மா இருக்கும் என்றான். அந்த வாரமே நான் தேரா பக்கம் போனேன். சந்துக்குள் தூண்டில் சாமான் விற்கிற கடை ஒன்று உண்டு. கடைக்காரர் ஜெய்னுலாப்தீன், கீழக்கரைக்காரர். தமிழ் பேசுகிற கடை என்பதால்தான் அங்கே போனேன். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டப் பழகியவன் நான். தமிழையே மெதுவாகத்தான் படிப்பேன். பெட்டியில் இங்கிலீஷும் சீன எழுத்தும் மட்டும் இருந்தால் யாராவது வாயால் சொல்ல வேண்டும்.

"யாருக்குத் தம்பி? ஒனக்கா?"

"எங்க அண்ணனுக்கு பாய். ஒரு கை சரியில்ல."

மூன்று தினுசு எடுத்து மேசையில் போட்டார். ஒன்று, நெஞ்சில் குழாய் வைத்தது; பள்ளிக்கூடப் பையை முன்பக்கம் மாட்டினது போல இரண்டு தோளிலும் வார் வரும். இன்னொன்று தொடையில் சுற்றிக் கட்டுவது. மூன்றாவது இடுப்பு பெல்ட்; தொப்புளுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், கம்பின் அடி அதில் உட்காரும்.

நான் என் இடது கையைப் பின்னால் கொண்டுபோய் பேண்ட் பெல்ட்டுக்குள் செருகிக்கொண்டேன். வலது கையால் மட்டும் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன்.

ஜெய்னுலாப்தீன் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுப் பார்த்தார். "என்னா தம்பி, ஒரு கைய ரூம்ல வச்சுட்டு வந்துட்டியா?"

"அவரு எப்படி மாட்டுவாரோ அப்படிப் பாக்கணும்ல பாய்."

"சரி பாரு, பாரு. ஒடச்சிறாத, அவ்வளவுதான்."

நெஞ்சில் மாட்டுவதற்கு முதுகுப் பக்கம் ஒரு கொக்கி இருந்தது. ஒரு கையால் முடியாது, தள்ளி வைத்தேன். தொடையில் கட்டுவது நடந்தால் கீழே இறங்கியது. பாறையில் ஏறி இறங்குகிற ஆளுக்கு அது ஆகாது. இடுப்பு பெல்ட்டை ஒரு கையால் சுற்றி, ஒரு கையால் அழுத்த, டக் என்று மாட்டிக்கொண்டது. அதே மாதிரி ஒரு கையால் அமுக்கினால் கழன்றது. கடையில் இருந்த கம்பு ஒன்றை வாங்கிக் கிண்ணத்தில் வைத்து நின்று பார்த்தேன். ரீலைச் சுற்றினேன். கம்பு நின்றது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இதைப் போட்டால் இரண்டு கை உள்ளவனுக்கும் இவருக்கும் வித்தியாசம் தெரியாது.

"இதுதான் பாய்."

"நல்ல சாமான். ஆனா ஒண்ணு சொல்லிப்புடறேன், பொறகு வந்து சண்டை போடக் கூடாது. இதுல கம்பு சும்மாதான் குந்தியிருக்கும். பூட்டு கீட்டு கெடையாது. பெரிய மீனு இழுத்தா கம்பு போயிரும். ஆளு நிப்பாரு."

அந்த வார்த்தை இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. கம்பு போயிரும், ஆளு நிப்பாரு. அவர் சாமானின் குணத்தைச் சொன்னார். நான் அதைக் குறை என்று எடுத்துக்கொண்டேன். ஒரு கம்பு ஏற்கெனவே போய்விட்டது. இன்னொன்றும் போனால் அந்த மனிதர் இனிமேல் கடல் பக்கமே திரும்ப மாட்டார் என்று மட்டும் தோன்றியது. புதுக் கம்பு ஒன்றும் பெல்ட்டும் வாங்கினேன். அதைக் கடனில் கழிக்கக் கூடாது என்று வழியிலேயே முடிவு செய்துகொண்டேன். கடன் வேறு, இது வேறு.

ரூமில் பெல்ட்டைக் கண்டதும் அண்ணன் முகத்தைச் சுளித்தார்.

"இது என்னடே, பிள்ளத்தாச்சிக்கு வாங்குன பட்டயா?"

"கட்டிப் பாருங்கண்ணே."

ஒரு கையால் கட்டினார். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் நின்று கம்பை வைத்தார். இல்லாத மீனை இழுத்து, ரீலைச் சுற்றி, கம்பைத் தூக்கி, மறுபடியும் தாழ்த்திச் சுற்றினார். மேல் கட்டிலில் படுத்திருந்தவன், "அண்ணே, மீன என் மேல போட்டுறாதீங்க" என்றான். ரூமே சிரித்தது. அவரும் சிரித்தார். கை போன பிறகு அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்தச் சிரிப்போடு விட்டிருக்கலாம்.

எங்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு. மேலே ஏறுகிறவன் தன்னையும் கட்டிக்கொள்ள வேண்டும், தன் சாமானையும் கட்டிக்கொள்ள வேண்டும். ஸ்பேனர், சுத்தியல், லெவல், எதுவானாலும் ஒரு சிறு கயிறு போட்டு இடுப்போடு மாட்டியிருக்க வேண்டும். மாட்டாமல் ஏறினால் சேஃப்டி ஆபீசர் கீழே இறக்கி ஃபைன் போடுவார். கீழே நடக்கிறவன் தலையில் விழக் கூடாது என்பதற்காக வந்த சட்டம். வருஷக்கணக்கில் பழகிவிட்டால் அது கையில் ஊறிவிடுகிறது. லீவில் ஊருக்குப் போனபோது தென்னையில் ஓலை கழிக்க ஏறியவனிடம், அரிவாளைக் கயிற்றில் கட்டு என்று நான் சண்டை போட்டிருக்கிறேன்.

ஸ்பேனருக்குப் போடுகிற பழைய கயிறு ஒன்று என் பெட்டியில் கிடந்தது. ஒரு தலையைக் கம்பின் அடியில் இறுக்கிக் கட்டினேன். இன்னொரு தலையில் சைட்டில் மாட்டுகிற கொக்கி, திருகுப் பூட்டு உள்ளது. ஒரு கையால் கொக்கியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பூட்டைத் திருகினால்தான் திறக்கும். அதை பெல்ட்டின் பக்கவாட்டு வளையத்தில் மாட்டித் திருகினேன்.

"இனிமே கம்பு எங்கயும் போவாதுண்ணே."

அண்ணன் அந்தக் கயிற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வலது கை விரலால் ஒரு தடவை சுண்டிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. பிறகு, "சரி. ஒரு கம்ப விட்டது போதும்" என்றார்.

கடையில் ஒரு கையைக் கட்டிக்கொண்டு அத்தனையையும் சோதித்தவன் நான். இந்தக் கொக்கியை மட்டும் இரண்டு கையாலும் மாட்டினேன். அது எனக்கு உறைக்கவே இல்லை.

அடுத்த ஞாயிறு காலை, வெயில் ஏறுவதற்கு முன்னால் அதே பாறைக்குப் போனோம். அலை அதிகம் இல்லை. கொஞ்சம் தள்ளி இரண்டு மூன்று பேர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் செருப்பைக் கழற்றி வைத்தார். பெல்ட்டைத் தானே கட்டினார். முள்ளில் இரை குத்துவதையும் பல்லும் கையுமாகத் தானே செய்தார்.

"முத்து, கேட்டியா. நான் விழுந்து பொரண்டாலும் நீ கிட்ட வரப்பிடாது. வீடியோல ஒன் கை ஒரு நகம் தெரிஞ்சாலும் பெபினுக்கப் பங்குக்காரனுவ, அந்தா பாரு ஆளு வச்சுப் பிடிச்சாருன்னு சொல்லிருவானுவ."

"சரிண்ணே. நீங்க ஹீரோ மாதிரி நில்லுங்க, நான் எடுக்கறேன்."

"ஹீரோவுக்கு வயித்துல கிண்ணம் இருக்குமால?"

முதலில் ஒரு சின்னப் பாரை மீன் விழுந்தது. உள்ளங்கை அளவு. ஆனாலும் அவர் தனியாகச் சுற்றி, தனியாக ஏற்றி, முள்ளைக் கழற்றினார். கம்பு கிண்ணத்தில் அசையாமல் நின்றது. எனக்குக் கை தட்டத் தோன்றியது. போன் ஆடிவிடும் என்று அடக்கிக்கொண்டேன்.

"இத அனுப்பிருவோமாண்ணே?"

"இத அனுப்புனா, அத்தான் கருவாட்டுக்கு ஆளா வாராருன்னு கேப்பானுவ. பெருசு ஒண்ணு வரட்டு."

ரீலின் இறுக்கத்தைக் கூட்டினார். தங்கூஸ் நூல் அதிகம் ஓடிவிட்டால் ஒரு கையால் அவ்வளவையும் திரும்பச் சுற்றுவது கஷ்டம் என்றார். மறுபடி வீசினார். நான் போனை உயர்த்தினேன்.

கடித்தது தெரியவே இல்லை. கம்பு வளைந்ததுதான் தெரிந்தது. அண்ணன் உடம்பைப் பின்னால் சாய்த்து, "வந்துட்டு மக்கா, வந்துட்டு" என்றார். அந்தக் குரல் எனக்குப் புதிது. சாரத்தின் உச்சியில் நிற்கும்போதுகூட அவர் அப்படிக் கத்தியதில்லை. சுற்றினார், தூக்கினார், தாழ்த்திச் சுற்றினார். போனில் பார்க்க, இரண்டு கையும் உள்ள ஒரு மனிதன் கடலோடு மல்லுக்கட்டுவது போலவே இருந்தது.

பிறகு அது திரும்பி ஓடியது. கம்பு கிண்ணத்திலிருந்து துள்ளி எழுந்தது. ஜெய்னுலாப்தீன் சொன்னபடி அது போயிருக்க வேண்டும். அண்ணன் ரீலை விட்டுவிட்டார். அவருடைய கைக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் என் கயிறு விடவில்லை. இடுப்பைப் பக்கவாட்டில் சுண்டி இழுத்தது; அந்த இழுப்பில் பெல்ட்டின் பூட்டும் சுழன்று முதுகுப் பக்கம் போய்விட்டது. அவர் ஒரு அடி முன்னால் வைத்தார். வலது கை கொக்கிக்குப் போனது. பிடித்தது, திருகப் பார்த்தது. ஒரு கையில் அது திரும்பவில்லை. இடது கையும் உதவிக்குப் போய்க் கொக்கியின் மேல் சும்மா வழுக்கியது.

அது பெரிய இழுப்பு இல்லை. சமதரையில் நின்ற ஆளை அசைத்திருக்காது.

நான் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. கிட்ட வரப்பிடாது என்று சொன்னது காதில் நின்றது. போனைப் பிடித்துக்கொண்டே நின்றேன். இன்னும் கொஞ்சம் சமாளித்தால் மீன் வந்துவிடும், படகில் இடம் கிடைத்துவிடும் என்று நினைத்தேன். அடுத்த அடியை அவர் பாசி பிடித்த கல்லில் வைத்தார்.

விழும்போது வலது கையை ஊன்றினார். எலும்பு முறிந்த சத்தம் எனக்கும் கேட்டது.

போனைப் போட்டுவிட்டுப் போனேன். கயிறு இன்னும் விறைத்துக்கொண்டு இழுத்தது. கொக்கியை ஒரு கையால் பிடித்து மறு கையால் திருகினேன். எளிதாகத் திறந்தது. கம்பு பாறையில் தட்டித் தட்டி இறங்கிப் போனது. என்ன மீன் என்று கடைசி வரை தெரியவில்லை.

தள்ளி நின்றவர்கள் ஓடி வந்து தூக்கினார்கள். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு பாறையில் சாய்ந்திருந்தார். அழுதது நான்தான்.

"அழாதல. கடல்ல போறத விட்டுரணும். கம்பு போனா போவட்டும், வல போனா போவட்டும். எங்கப்பன் மொதல்ல சொல்லித் தந்தது அதுதான்."

"அப்ப ஏண்ணே கயித்தக் கட்ட விட்டீங்க?"

அவர் கடலைப் பார்த்தார். "நீ அவ்வளவு ஆசயா கட்டுன. எனக்கும் இன்னொண்ணு போயிரப்பிடாதேன்னு இருந்துச்சு."

மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. விரல் நுனி மட்டும் வெளியே தெரிய மாவுக்கட்டுப் போட்டார்கள். அந்த நாட்களில் சோற்றைப் பிசைந்து நான்தான் ஊட்டினேன். அவர் கூச்சப்பட்டார். முதலில் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார். பிறகு, "உப்பு கொறச்சல், சமையக்காரன மாத்து" என்று வம்பிழுக்கப் பழகிக்கொண்டார். பெபின் கூப்பிட்டபோது போனை அவர் காதில் நான்தான் பிடித்தேன்.

"வீடியோ என்னாச்சு அத்தான்?"

"மீன் ஒண்ணும் சரியா விழல்ல பெபினே."

"இந்த வாரம் பாத்து அனுப்புங்க. பங்குக்காரனுவ வேற ஒரு ஆளச் சொல்லுதானுவ."

"அவனையே போட்டுக்கோ."

பெபின், எலிசா அக்காவைப் பேசச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டான். அந்த வீடியோவை அழித்துவிடு என்று அண்ணன் சொன்னார். அழித்தேன். அழிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை பார்த்தேன். அவர் கை கொக்கியில் இருந்த நேரம், நான் ஓடிப்போய்த் தொட்டிருக்கப் போதுமான நேரம்.

விசா முடிந்தது. மாவுக்கட்டுப் பிரிப்பதற்கு முன்னாலேயே டிக்கெட் வந்துவிட்டது. ஷார்ஜாவிலிருந்து திருவனந்தபுரம். லீவு போட்டுவிட்டு நான் கூடப் போனேன். பெட்டியை டிராலியில் தள்ளியதும், பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டியதும் நான்தான். ஆள் துணை வேண்டும் என்று சொல்லியிருந்ததால் ஏர்லைன்ஸ்காரர் ஒருவர் வந்து, உள்ளே கூட்டிப் போகத் தயாராக நின்றார்.

நான் சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்தேன்.

"ஊருக்குப் போகும்போது வாங்கிக்கறேன்னு சொன்னீங்க."

"வேண்டாம் மக்கா. கம்பு, பெல்ட்டு, எல்லாம் நீதான வாங்குன. கணக்கு சரியாப் போச்சு."

"அது வேறண்ணே."

"வேண்டாம்னு சொல்லுதேன்லா."

வழக்கம்போலத் தள்ளிவிடத்தான் பார்த்தார். வலது தோள் அசைந்தது. கழுத்தில் தொங்கிய தூளிக்குள் மாவுக்கட்டு கொஞ்சம் மேலே வந்து நின்றுவிட்டது. இடது கை எழுந்து வந்தது. கட்டை விரலும் சுண்டு விரலும் என் மணிக்கட்டின் இரண்டு பக்கமும் தொட்டன. மூடவில்லை.

அந்த இரண்டு விரலுக்கு நடுவிலேயே என் கையைக் கொண்டுபோய், அறுநூற்றுப் பதினைந்து திர்ஹாமையும் அவருடைய சட்டைப் பையில் வைத்தேன். பையின் பொத்தானையும் போட்டுவிட்டேன். அவர் குனிந்து அந்தப் பொத்தானைப் பார்த்தார்.

"சரி" என்றார்.

ஏர்லைன்ஸ்காரர் அவருடைய பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அண்ணன் பின்னால் போனார். திரும்பிப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.